பொருள்: விலைவாசி தொடர்பாக

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
தூங்குமூஞ்சி மரத்தடியில் என் மடக்கு மேசை.
திங்கட்கிழமை மட்டும்தான் வியாபாரம்.
மனு ஒன்றுக்கு முப்பது ரூபாய்,
போன வாரம் வரை.

தாள் ஏறிவிட்டது. ரீஃபில் ஏறிவிட்டது.
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஷேர் ஆட்டோ
ஐந்து ரூபாய் கூடக் கேட்கிறது.
நாற்பது என்று அட்டையில் எழுதி
பறக்காமலிருக்கக் கல்லை வைத்தேன்.

முதல் ஆள் செங்கேணி.
முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவள்.
ஸ்டூலைக் காட்டினேன், உட்காரவில்லை.

"எழுது.
கேஸுக்கு அடகு வெக்க இனிமே மூக்குத்திதான் பாக்கி.
ஐஸுக்குக் குடுத்தது போவ மீன்ல ஒண்ணும் நிக்கல.
எண்ணெய இருவது ரூபாய்க்கு வாங்கி
ரெண்டு நாளைக்குக் காட்டிக்காட்டி ஊத்துறேன்.
எலெக்‌ஷனுக்கு வந்தானே,
எங்க தெரு சாக்கடைய வேட்டிய தூக்கிக்கினு தாண்டுனானே, அவன..."

அதன்பிறகு ஒரு வார்த்தை சொன்னாள்.
கேட்டில் நின்ற போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.
நான் எழுதினேன்:
'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்.'

"வயிறு எரியுது" என்றாள்.
'பொருளாதார ரீதியாகப் பாதிக்கப்பட்டுள்ளேன்.'

"அவன் வெளங்குவானா?"
'தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு.'

இருபத்திரண்டு வருஷமாய் இதுதான் என் தொழில்.
கொதிப்பதை வாங்கி, ஆற்றி,
நாலாய் மடித்துத் திருப்பிக் கொடுப்பது.

"படி" என்றாள். படித்தேன்.
யாரோ ஒருத்தியின் மரணச் செய்தி கேட்பதுபோல்
தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
"இதுல நான் எங்க இருக்கேன்?"

அனுப்புநரில் இருக்கிறாய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவளே:
"காத்துக்குக் கூண்டு ஏத்துறாங்க இல்ல ஆர்பர்ல,
ஒண்ணாம் நம்பரு, மூணாம் நம்பருன்னு?
இந்த வெலவாசிக்கு எத்தினியாம் நம்பரு?
ஏத்திட்டாங்களா, இனிமேதானா?
அதக் கேளு."

இதற்கு என்னிடம் ஆபீஸ் பாஷை இல்லை.
அப்படியே எழுதினேன்.
பழக்கதோஷத்தில் 'தெரிவிக்குமாறு பணிவுடன்' என்று
கை ஓடிவிட்டது.
"பணிவு வேணாம். அடி."
அடித்தேன்.
என் மனுவில் விழுந்த முதல் அடித்தல்.

முப்பது ரூபாயை மேசைமேல் வைத்தாள்.
"நாப்பதும்மா."
அட்டையைப் பார்த்தாள், பிறகு என்னை.
வேட்டியைத் தூக்கிப் பிடித்தவனை
அன்று எப்படிப் பார்த்திருப்பாள் என்று
எனக்குத் தெரிந்துபோயிற்று.
"மேலேர்ந்து ஏறுது, நான் என்ன செய்ய?"
"அவனுவளும் அதத்தான் சொல்றானுவ."

கடைக்காரர்கள் வாங்க மறுக்கும்
பத்து ரூபாய் நாணயம் ஒன்றைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்தாள்.
நான் வாங்கிக்கொண்டேன்.
அன்று முழுக்க என் சட்டைப்பையில் மீன் வாசம்.

அவள் போனுக்கு ரீசார்ஜ் தீர்ந்திருந்ததால்
மனுவில் என் நம்பரைத்தான் போட்டிருந்தோம்.
வியாழக்கிழமை டீக்கடையில் நிற்கும்போது
குறுஞ்செய்தி வந்தது:
'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு
முடித்துவைக்கப்பட்டது.'
கீழே திருக்குறள் ஒன்று.
கையில் இருந்த டீ பதினைந்து ரூபாய்.

அடுத்த திங்கள் அவள் வரவில்லை.
அதற்கடுத்த திங்களும்.
சனிக்கிழமை விடியலில் நானே துறைமுகத்துக்குப் போனேன்,
போனைக் காட்டலாம் என்று.

கம்பத்தில் கூண்டு ஏதும் இல்லை.
எந்த ஆபத்தும் இல்லை என்று அர்த்தம்.
அதன் கீழே
ஏலக் கூச்சலில் ஊரே விலை கேட்டு
முகம் சுருங்கிக்கொண்டிருந்தது.

செய்தியைப் படித்துக் காட்டினேன்.
"முடிச்சிட்டாங்களா" என்றாள்.
கத்தி நிற்கவில்லை, செதில் பறந்தபடி இருந்தது.

வெறுங்கையோடு திரும்ப மனசில்லை.
சங்கரா அரைக் கிலோ கேட்டேன்.
நூற்று எண்பது என்றாள்.
"போன மாசம் நூத்தம்பதுதானே குடுத்தீங்க?"

தராசைத் தூக்கிப் பிடித்து
முள்ளைப் பார்த்தபடியே சொன்னாள்,
சிரிக்காமல்:
"மேலேர்ந்து ஏறுது."