பாண் ஓட்டோ

விடிய ஐந்தரைக்கு பேக்கரி வாசலில ஏத்துறன்:
அச்சுப் பாண், கிம்புலா பணிஸ், மாலுப்பாண்.
சூடு முதுகில ஏறுது.
சீற்றுக்குக் கீழ என்ர ரிபின்,
ரெண்டு அவிச்ச முட்டை, பொரிச்ச கீரி, வல்லாரைச் சம்பல்.

உப்புவெளிச் சந்தியில அந்தப் பாட்டைப் போட
படலையள் திறக்கும்.
"மெலிஞ்சு போனியள் யூஜின், ஏதும் வருத்தமோ?"
எண்டு கேக்கிறா ஞானகலா ரீச்சர்.
வருத்தம் போகுது ரீச்சர் எண்டு சொல்ல
வாய் வரேல்லை,
கையில அவவின்ர ரெண்டு றாத்தல்.

கிளினிக் கொப்பியில
இருநூத்தெண்பது
நூத்தி இருபத்தாறாப் போச்சு.
பெல்ட்டில ஆணியால குத்தின மூண்டாவது ஓட்டை.

பின்னேரம் டச்சுக்குடாவில நிப்பாட்டி
மிஞ்சின கால் றாத்தலைப் பிய்க்கிறன்.
விரல் மணக்குது.
ஒருக்கா மோந்துபோட்டு
மீனுக்கு எறியிறன்,
அதுகளுக்குச் சீனி வருத்தம் வராது
எண்ட நம்பிக்கையில.