பதினைந்து நாளுக்குள்

"தேதி வேண்டும்" என்றேன்.
டெல்ஃபின் ப்ரூசார்ட் சிரித்தாள்.
லேக் சார்ல்ஸில் வேலி போடுகிறவள்,
நகக்கண்ணில் சிமென்ட்.

எட்டாம் பக்கம் கேட்கிறது:
யார், எங்கே, எப்போது உங்களைத் தாழ்த்தினார்,
அதனால் தொழிலுக்கு நட்டம் எவ்வளவு.
தாழ்த்தப்பட்டவள்தான் என்று நிரூபித்தால்
டெண்டர் வரிசையில் நிற்க ஓர் இடம்.

சொன்னாள்: வங்கியில் ஒருவன்
அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து
"முதலாளி வரவில்லையா?" என்றான்.
தட்டச்சு செய்தேன்:
கடன் மறுப்பு, நாற்பதாயிரம் டாலர்.
அவன் பெயர்?
அதையெல்லாம் யார் வைத்திருப்பார்கள்,
டையில் வாத்துகள் இருந்தன.

ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்த மனு.
"விவரம் போதாது.
பதினைந்து நாளுக்குள் விளக்குக."

ஆறிய புண்ணைக் கீறி
அங்குலக் கணக்கில் எழுதவைப்பது என் வேலை.
அதற்குச் சம்பளமும் உண்டு.

வாத்துகளைச் சேர்த்தேன்.
கையெழுத்துப் போட்டு மணி பார்த்தாள்.
கான்கிரீட் வண்டி காத்திருக்காது,
இருட்டுவதற்குள் பதினோரு தூண் நட வேண்டும்.

லாரியைக் கிளப்பியவள்
கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்:
"தலை மட்டும் பச்சை!
அதையும் போடு."