பொறுப்பாளர்

டச்பாரிலிருந்து பாலம் கடந்து
மதுவரி அலுவலகத்துக்கு இது மூன்றாம் நடை.
முதல் நடையில் கிராம சேவகரின் கையொப்பம் இல்லை.
இரண்டாம் நடையில் கையொப்பம் இருந்தது, முத்திரை இல்லை.
இன்றைக்கு இரண்டும் இருக்க
மண்டபக் கடிதத்தில் திகதி பிழை.

“இருங்க அங்கிள், போன் எடுத்துக் கேக்கிறன்”
என்றாள் நஸ்லிமா,
முக்காட்டு ஊசியை ஒருக்கால் சரிசெய்துகொண்டு.

என்ன வைபவம்?
மகள்ட கலியாணம்.
எத்தன பேர்?
நூற்றியெண்பது.
அதில குடிக்கிற ஆக்கள்?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் பறங்கிச் சனத்தில்
அந்தக் கணக்கை யாரெடுத்தார்?
குடிக்காத ஆக்களை எண்ணு பிள்ளை, கெதியில் முடியும்.
ஒரு கை போதும்.
அதில் ஒரு விரல் நான்.

சாராயம்?
முப்பத்தாறு.
எழுத்திலும் போட வேணும் என்றாள், போட்டாள்.
அவள் வாழ்நாளில் தொடாதது.
நான் தொட்டு ஆறு வருசமும் நாலு மாசமும்.
மேசைக்கு நடுவே, வெறுங்காற்றில்
இருவருமாக முப்பத்தாறு போத்தல் அடுக்கினோம்.
ஒன்றும் உடையவில்லை.

ஒன்பதாம் கூடு: பொறுப்பாளரின் முழுப்பெயர்.
கிளைவ் பெனடிக்ட் அந்திராதோ. தொழில் வெல்டிங்.
பத்தாம் கூடு:
இதற்கு முன்னர் அனுமதி பெற்றுள்ளீரா?

இருபத்தேழு வருசம் குடித்தேன்,
ஒரு துண்டுக் காகிதம் யாரும் கேட்டதில்லை.
வாவிக்கரையில் விடியும்வரை கிடந்ததற்கும்
மூத்தவனின் முதல் நன்மையன்று
கோயில் வாசலில் சத்தியெடுத்ததற்கும்
நொயலாவின் காப்பு ஈட்டுக்கடைக்குப் போய்
திரும்பி வராததற்கும்
விண்ணப்பம் தேவைப்படவில்லை.
விட்ட பிறகுதான்
கட்டணம் வாங்கி, ரசீது வெட்டி
என் பெயருக்கு அனுமதி தருகிறது அரசாங்கம்.

“இல்லை” என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

“ஞாயிறு போயா, அங்கிள்.
சனி ராவு பன்னிரண்டு அடிச்சா ஊத்த ஏலாது.
அதுக்குப் பிறகு தேத்தண்ணிதான்.”
முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.
மை காயட்டும் என்று ஊதியும் விட்டாள்.

சனி இரவு
காகிதம் சட்டைப் பையில், அலுமாரித் திறப்பு சுண்டுவிரலில்.
வயலின் கப்ரிஞ்ஞா பிடித்தது.
மெர்லினின் வெள்ளைச் சட்டை விளிம்பு
சீமெந்துத் தரையைக் கூட்டிக்கொண்டு சுழன்றது.
கோட்டைக் கழற்றிவிட்டு ரொனி வந்தான்.
“மச்சான், ஒண்டே ஒண்டு. மகள்ட கலியாணங்கா!”
கிளாசின் வாசம் என் மூக்கை
பழைய சிநேகிதனைப் போலத் தடவியது.
பையைத் தொட்டேன். காகிதம் மொறுமொறுத்தது.
“ஏலாது. நான்தான் பொறுப்பாளர்.”

ஆறு வருசத்தில்
இதைவிட நல்ல சாட்டு எனக்கு வாய்த்ததில்லை.
ஆத்தில போட்ட சத்தியம், ஈரல், டாக்குத்தர்,
எதைச் சொன்னாலும் சிரித்தவன்
சர்க்கார் முத்திரைக்கு வாய்மூடிப் போனான்.

மறுகா பன்னிரண்டு.
பூட்டினேன்.
பரிசோதகர் தர்மகுலசிங்கம் பத்து நிமிசம் பிந்தி வந்து
கையொப்பமிட்டு,
கேக் மூன்று துண்டு பொதிந்துகொண்டு போனார்.
வயலின்காரர் நிறுத்தவில்லை.
வெறிக்கும் சுருதிக்கும் சம்பந்தமில்லை என்பது போல
இன்னும் வேகமாய் இழுத்தார்.

அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் மிச்சம்.
நொயலா வந்து பக்கத்தில் நின்றாள்,
குதி உயர்ந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.
ஒன்றும் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது.
எண்ணுகிறாள்.
முடிக்கும்வரை
மேலே சுற்றும் பேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நாலு” என்றாள்.
“நாலு” என்றேன்.

திறப்பைக் கேட்பாள் என்று கையை விரித்தேன்.
அதில் சப்பாத்தை வைத்துவிட்டு
ஆடப் போனாள்.