தம்பிலுவில் கரையின் பால் விகிதம்

இருபத்து மூன்றாம் இலக்கக் கூடு.
சித்தாமை. நூற்றுப் பதினெட்டு முட்டை.
இராவணன் மீசைப் புல்லுக்கு இரண்டடி கிழக்கே
முழங்கை ஆழத்தில்
சேட்டுப் பொத்தான் அளவு வெப்பமானி ஒன்றை
முட்டையோடு முட்டையாய் வைத்து மூடினேன்.
ஜெசூர் அடையாளத் தடி நட்டான்.
நாய் வந்து தடியில் மூத்திரம் பெய்தது.
ஆய்வு தொடங்கிற்று.

ஆமைக்கு ஆண் பெண்
கருவில் எழுதியிருப்பதில்லை, மணல்தான் எழுதுகிறது.
ஐம்பது நாள் அடையில்
நடுவிலுள்ள பதினேழு நாள்
மண் குளிர்ந்து கிடந்தால் ஆண்,
கொதித்தால் பெண்.
இருபத்தொன்பது பாகையை ஒட்டி எங்கோ ஒரு கோடு.
இந்தமுறை கச்சான் காற்று
வயல்வெளி தாண்டி அடுப்பு வாயாய் வந்தது.
பொத்தான் சொன்னது: முப்பத்திரண்டு தசம் நான்கு.

குஞ்சை வெளியில் பார்த்துச் சொல்ல ஏலாது.
வால் ஒன்றுபோல, ஓடு ஒன்றுபோல,
கடலைக் கண்டதும் பிடிக்கிற ஓட்டமும் ஒன்றுபோல.
அறிய வேண்டுமென்றால்
அது செத்திருக்க வேண்டும்.
மேலே ஏற முடியாமல் கூட்டின் அடியில் கிடந்த ஒன்பதைப்
போத்தலில் இட்டு ஒலுவிலுக்குக் கொண்டுபோய்
சிறுநீரகத்தில் ஒட்டியிருக்கும் குறுநொய்யளவு சதையைச் சீவிக்
கண்ணாடித் தகட்டில் விரித்தேன்.
ஒன்பதும் பெண்.

கரைவலை வாடிக்குப் பின்னால்
யோகமலர் கிடுகு பின்னுவா.
பேராசிரியருக்கு முன்னம்
முடிவு அவவுக்குத்தான் போகும்.
"என்னகா மிஸ், ஆம்புளப் புள்ள ஒண்டுமில்லையா?"
இல்லை.
"எங்கட ஒழுங்கையப் போல."
ஓலையைப் பல்லில் கடித்து இழுத்தா.

நிழல் போட்டுப் பார்க்கலாம் என்றது நான்.
எத்தனை கிடுகு, எந்தப் பக்கம் சரிவு,
பறக்காமல் கல்லை எங்கே வைப்பது என்றது அவ.
ஒன்று நூறு ரூபாய்.
எண்பதுக்குக் கேட்டேன்.
"ஆமைக்கெண்டாலும் ஓல ஓலதானே."

இருபத்தொன்பதாம் கூடு, கிடுகின் கீழ்.
சராசரி இருபத்தெட்டு தசம் ஒன்பது.
செத்தது ஏழு.
மோட்டார் சைக்கிளை நிறுத்த முதலே கத்தினேன்:
அஞ்சு ஆண்!
கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தா.
"எங்க?"
போத்தலைக் காட்டினேன்.

வெயிலுக்கு நேரே அதைப் பிடித்துக்
கனநேரம் பார்த்தா.
கச்சேரியில் மரணச் சான்றிதழ் தாறம் எண்டாங்களாம்,
மூன்று தரம்.
கையெழுத்து வைக்கயில்லையாம்.
அதற்குமேல் அவ சொன்னதில்லை,
நான் கேட்டதுமில்லை.

"மத்ததுகள்?"

மற்ற நூற்றிரண்டும் இறங்கிவிட்டன.
நாலைந்து, முகாம் வெளிச்சத்தைக்
கடலென்று நம்பித் திரும்பின.
ஜெசூர் சேட்டைக் கழற்றி விரித்து
வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நின்றான்.

பெண் என்றால் பதினைந்து வருசத்தில்
இந்த மணலுக்கே ஏறக்கூடும்.
எண்ணுவோம். துடுப்பில் இலக்கம் அடிப்போம்.
ஆண் ஏறாது.
ஒருதரம் தண்ணீரைத் தொட்டால்
சாகும்மட்டும் கரை மிதிக்காது.
எங்கள் கணக்கில் வராது.

"அப்ப, காணயில்ல எண்டுறத வெச்சி
இல்ல எண்டு எழுதேலாது."
ஏலாது.
"படிச்ச ஆக்களும் அப்படித்தான் சொல்லுவாங்களா?"
படித்தவர்களும்தான் என்றேன்.
போத்தலைத் திருப்பித் தந்தா.
மூடியை இன்னொருதரம் இறுக்கித் தந்தா.

இரவு அறிக்கை.
"வளர்ந்த ஆண்" என்ற கட்டத்தில்
மூன்று வருசமாகப் பூச்சியம் இட்டு வந்திருக்கிறேன்.
மூன்றையும் அழித்தேன்.
வேறென்ன எழுதுவதென்று தெரியாமல்
கீழே செலவுக்குப் போனேன்:
கிடுகு, இருபத்து நான்கு.

வெளியே டோர்ச் அடித்து
ஜெசூர் எண்ணிப் பார்த்தான்.
இருபத்தைந்து கிடந்தது.