மேல, கீழ

ஏலக்காய் எடை எழுதும் நோட்டில்
கடைசிப் பக்கம்.
மேல 128, கீழ 166.
மறுநாள் மேல 124, கீழ 171.

பிரஷருக்கு மேல ஒரு எண், கீழ ஒரு எண்.
எனக்குத் தெரியும்.
கீழது எப்படி மேலதைத் தாண்டும்?
மாற்றி எழுதிவிட்டாள் ஒச்சம்மா என்று
சிரித்துக்கூட விட்டேன்.

அப்புறம்தான் தேதிகளைப் பார்த்தேன்.
ஞாயிற்றுக்கிழமைகளில் மேல இல்லை.
கீழ மட்டும்.

மேல என்றால் வண்டன்மேடு.
விடியுமுன் கம்பத்திலிருந்து பதினாறு பேரை
அடைத்து ஏறும் ஜீப்,
வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறக்கும் மலை,
அட்டைக்கடி,
தோட்டத்து டிஸ்பென்சரியில் பட்டையைச் சுற்றி
"இப்போ குழப்பமில்லல்லோ" என்று சொல்லும் லிஸி சிஸ்டர்.

கீழ என்றால் வீடு.
திருப்பூரிலிருந்து மகள் வாங்கி அனுப்பிய மெஷின்.
கீழ என்றால் நான்.

கை நீட்டியதில்லை.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட.
டீக்கடையில் சொல்லிக்கொள்வதுண்டு இதை.
தட்டைத் தள்ளிவிடுவேன், அவ்வளவுதான்.
மூணு நாள் பேசமாட்டேன்.
போன வருஷம் அது
தையில் தொடங்கி வீரபாண்டித் திருவிழா வரைக்கும் போனது.
என் வண்டி தெருமுனை திரும்புகையில்
டிவி சத்தம் இறங்குவதை
மரியாதை என்று நினைத்திருந்தேன்.

எனக்கும் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது.
மிளகாயைக் குற்றம் சொன்னேன்.
அவள் மிளகாயைக் குறைத்தாள்.

கேட்கவில்லை அவளிடம்.
கேட்கத் தெரிந்தவனாக இருந்தால்
இந்த நோட்டு எதற்கு?
உப்பு ஜாடிக்குப் பின்னால் எப்படி இருந்ததோ
அப்படியே வைத்தேன்.
காட்டுப்பன்றி இறங்குகிறது என்று சொல்லி
திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமில்
எட்டு ராத்திரி படுத்தேன்.
கொசு. ஸ்டார்ட்டர் பெட்டி மேல் பல்லி.
மலையுச்சியில் கேரளாப் பக்கம் சில விளக்குகள்,
எது அவள் ஏறிப்போகும் இடம் என்று
இத்தனை வருஷத்தில் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் பகலில் வீட்டுக்கு வந்து
நோட்டை எடுத்தேன்.
கீழ 158. கீழ 149. கீழ 141.

சந்தோஷப்படத்தான் வேண்டும்.

கட்டிலில் அவள் படுக்கும் பக்கம் உட்கார்ந்து
மெஷினை என் கையில் சுற்றினேன்.
காற்று ஏறி, இறுக்கி,
கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து
விட்டது.
எண்ணைப் பார்க்காமலே கழற்றிவிட்டேன்.

சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவளிடம்
"இன்னிக்கும் பன்னி வரும்போல" என்றேன்.
என் முகத்தையே பார்த்தாள்.
"குளிரும்" என்று
கம்பளியை எடுத்துக் கொடுத்தாள்.