கிராணியின் வழி

ஐஸ்பெட்டிக் கதவில் பதினான்கு குறிப்புகள்,
தவமலர் டீச்சரின் சாய்ந்த கையெழுத்தில்.
பூனைக்குக் காலையில் அரைக் கோப்பை,
அழுதாலும் அரைதான்.
மீன்களுக்கு விரல்நுனியில் ஒட்டும் அளவு.
கேஸ் தோம்பை இரவில் மூடவும்.
நாயின் பெயர் கிராணி,
அதட்டினால் இரண்டு நாள் பேசாது.
மாலை ஆறு மணிக்கு நடை.
எங்கே என்று மட்டும் எழுதவில்லை.

டீச்சர் மகளைப் பார்க்கப் பெர்த் போயிருக்கிறார்.
நான் ஜொகூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினேன்:
ஒரு பை, ஒரு மடிக்கணினி,
பிறர் மெத்தைப் பள்ளங்களுக்குப் பழகிய முதுகு.
இந்த வருடத்தில் இது ஒன்பதாவது வீடு.
வாடகை கிடையாது,
முடியும் வாந்தியும் மட்டும் அள்ள வேண்டும்.

முதல் மாலை
கைப்பேசி வரைபடத்தில்
பகாவ் பட்டணத்துக்கு நட்சத்திரம் குத்தி வைத்திருந்தேன்,
இரவுச் சந்தைக்கு ஒன்று, நூடல்ஸ் கடைக்கு ஒன்று.
வலப்பக்கம் திரும்பினேன்.
ஆபீஸ் மூடியாச்சு என்பதுபோல்
கிராணி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது.
இடப்பக்கம் என்றதும் எழுந்தது.

அப்புறம் நான்தான் கயிற்றின் மறுமுனை.

ரப்பர் ஆலையின் புளித்த வாடை தாண்டி,
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
உதிர்த்துப் போன பழங்களை ஒவ்வொன்றாக
முகர்ந்து கணக்கெழுதி,
ரயில் கடவையில் நின்று
வராத ரயிலுக்கு இரண்டு நிமிடம் மரியாதை செய்து,
நாலு நம்பர் கடை வரிசையில்
நேற்றைய கனவை எண்ணாக மாற்றிக்கொண்டிருந்தவர்களின்
கால்களுக்கிடையே நுழைந்து,
ஏழாவது விளக்குக் கம்பத்தில் காலைத் தூக்கி,
பாதி இறக்கிய ஷட்டர் முன்னால்
நின்றது.

டயர்க் கடை.
உள்ளிருந்து ஒருவர் தட்டோடு வந்தார்,
இரண்டு கிளாஸ் தேநீர்,
தாளில் மடித்த அரை ரொட்டி சானாய்.
"மழை வருதே, டீச்சர் எங்க?"
சீனர். அவருடைய 'ழ'
என்னுடையதைவிடச் சுத்தம்.

"பெர்த்துல."
"எத்தனை நாளைக்கு?"
"இருபத்தொண்ணு."
ஃபூ கொஞ்ச நேரம்
இரண்டாவது கிளாஸைப் பார்த்தார்.
பேப்பர் போடுபவனுக்குச் சொல்லியிருக்கிறார்,
தண்ணீர் இலாகாவுக்குச் சொல்லியிருக்கிறார்,
எதிர்வீட்டு மக்சிக்குச் சாவியே கொடுத்திருக்கிறார்.
இந்த மனிதருக்கு ஏன் சொல்லவில்லை?
நான் கேட்கவில்லை.
கிளாஸை என்னிடம் நீட்டினார்.
சீனி இல்லை. தொண்டையைக் கிழிக்கும் இஞ்சி.
அவர் செருப்பில் நடக்கிறேன்,
அவர் தலையணையில் உறங்குகிறேன்,
இப்போது அவர் தேநீரும்.
குடித்துவிட்டேன்.

மறுநாளும் அதே வழி. அதற்கு மறுநாளும்.
பழைய லோரி டயர்மேல் உட்கார்ந்து
ஊரைப் பார்த்தேன்:
வெள்ளம் எந்தச் சுவர்வரை ஏறியது,
எந்த வளைவில் லோரி கவிழ்ந்தது,
நேப்பாளக் காவலாளிக்கு ஏன் ஞாயிறு பிடிக்காது.
என் நட்சத்திரங்கள் எல்லாம்
கைப்பேசியிலேயே மின்னிக்கொண்டிருந்தன.
வீட்டில் பூனை பெலாச்சான்
சேலை அலமாரியில் ஏறிப் படுத்துக்கொண்டு
யாருக்கும் வழி காட்டாமல் இருந்தது.

பதினோராம் நாள் காணொளியில் டீச்சர்:
"கிராணி ஒழுங்கா நடக்குதா?"
"நடக்குது."
"எதுவரைக்கும்?"
"டயர்க் கடை வரைக்கும்."
படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.
பின்னால் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம்
ஓடிக்கொண்டுதான் இருந்தது.
பிறகு, கழுத்துச் சங்கிலியைத் திருகியபடி,
"இஞ்சி அதிகமா போடுவாரு.
கொஞ்சம் குறைக்கச் சொல்லு."

சொன்னேன்.
ஃபூ துணியில் கையைத் துடைத்தார்,
ஏற்கெனவே துடைத்த கையை.
உள்ளே போனவர் வர நேரமானது.
என் பாதத்தின் மேல்
கிராணி தாடையை வைத்துத் தூங்கிவிட்டது.

மறுநாள் கிளாஸில்
அதே இஞ்சி, அதே அளவு.