கோசோங்

பதினேழு வருஷம் என் வலது கை ஐஸுக்குள்ளேயே கிடந்தது.
தே பெங், மைலோ பெங், லிமாவ் பெங்.
சர்க்யூட் ரோடு உணவங்காடி நிலையம்,
கடை எண் முப்பத்தொன்று.
மருந்து ஏறிய மூன்றாம் நாள்
பழக்கத்தில் பெட்டிக்குள் கையை விட்டேன்.
விரலுக்கு ஒரு ஊசி.
கரண்டி விழுந்த சத்தத்தில்
எதிர்க்கடை ஹூன் கீ ஆன்ட்டி திரும்பிப் பார்த்தாள்.
அன்றிலிருந்து கையுறை.
தண்ணீர்கூட வெதுவெதுப்பாய்த்தான்,
இல்லாவிட்டால் தொண்டையில் கண்ணாடித் தூள்.

ஊட்ரம் ஆஸ்பத்திரியில்
உணவியல் நிபுணர் ஒரு தாள் தந்திருக்கிறார்.
தின்றதையெல்லாம் எழுதணும், அளவோடு.
திங்கள்: கஞ்சி ஒரு கிண்ணம், அவித்த முட்டை.
செவ்வாய்: கஞ்சி. தோல் சீவிய கேரட், குழைய.
புதன்:

முன்னே தின்றதையும் கேட்டார்.
வாரத்துக்கு எத்தனை முறை ஆட்டிறைச்சி?
சிரித்துவிட்டேன்.
பக்கத்துக் கடை ஜெய்லானியின் சூப் கம்பிங்,
கடை அடைக்கிற நேரம் மிஞ்சிய எலும்பு,
மஜ்ஜையை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவோம் இரண்டு பேரும்.
அவன் காசு வாங்கியதில்லை,
அவன் குடித்த தே தாரேக்குக்கு நானும்.
காலையில் பன்னுக்குள் சாசேஜ்.
காய்கறி?
மீ கோரெங்கில் கொஞ்சம் கிடக்குமே, அது.
அவர் பேனா நின்றது. திட்டவில்லை.

ஆளுக்கொரு காரணம் கொண்டுவருகிறார்கள்.
டாக்சி ஓட்டும் துரைக்கண்ணுவுக்கு டின் பால்.
ஹூன் கீக்கு உடம்புச் சூடு.
என் மச்சினிக்கு மைதா, அதிலும் பரோட்டா.
புஷ்பவல்லி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை,
ஃப்ரீசரில் இருந்த சாசேஜ் பாக்கெட்டைத்தான் காணோம்.

கேட்டே விட்டேன்:
எந்தத் தட்டு மிஸ்?
எந்த வருஷம், எந்தக் கிழமை?
"ஒரு தட்டு என்று சொல்ல முடியாது, மிஸ்டர் தெய்வசிகாமணி.
இறைச்சிக்கும் பங்கு உண்டு,
வயதுக்கும், குடும்பத்துக்கும்.
ஒன்றுமே பிடிபடாமலும் வரும்."
அதைத்தான் தாங்க முடியவில்லை.
குற்றவாளி கிடைத்துவிட்டால்
ஒரு மணி நேரமாவது தூங்கலாம்.

கோசோங் என்றால் சர்க்கரை இல்லாமல் என்று
நாளுக்கு நூறு தடவை கூவியவன் நான்.
குழாய் விடுவதற்கு முந்தின ராத்திரி
அந்த உப்புக் கரைசலைக் குடித்துக் குடித்து,
பதினோராம் தடவை உட்கார்ந்து எழுந்தபோது
என் வயிறு அந்தச் சொல்லுக்குப் பொருள் சொன்னது.

வெட்டித் தைத்த பிறகு
கீரை கூடாது, விதை கூடாது, வெள்ளைச் சோறு போதும் என்றார்கள்.
தையல் ஆறியதும்
பழுப்பரிசி, பருப்பு, கங்குங், ஓட்ஸ்,
மெல்ல மெல்லச் சேருங்கள் என்றார்கள்.
ஐம்பத்தாறு வயதில்
முருங்கைக்கீரைக்கு எனக்கு வேலை அனுமதிச் சீட்டு.

ஐம்பதில் வாங்கிய சோதனைப் பை
இரண்டு குச்சியும் ஒரு தபால் உறையுமாய்
சாம்பல் சாஸ் பொட்டலங்களுக்கு அடியில்
ஆறு வருஷம் கிடந்தது.
தபால்பெட்டி புளோக்குக்குக் கீழேதான்.

நேற்று கடை அடைக்கையில்
ஜெய்லானி கிண்ணத்தோடு வந்தான்.
எலும்பு இல்லை.
பார்லி, பருப்பு, கேரட், மேலே கொத்தமல்லி.
"கறியே போடலடா, சும்மா வாசத்துக்கு."
பொய்.
அடியில் ஒரு துண்டு ஒளிந்திருந்தது.

அவனுக்கு ஐம்பத்தொன்று.
மருந்துக்கடையில் வாங்கிவைத்த புதுப் பையை
சிவப்பு பிளாஸ்டிக்கில் போட்டு,
ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி,
தே கட்டுகிற மாதிரியே நீட்டினேன்.
"பெங்கா?"
"இல்ல. காலையில, முதல் வேலையா."
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக்
கெட்ட வார்த்தை சொன்னான்.
எடுத்துக்கொண்டுதான் போனான்.
அனுப்புவானா, தெரியாது.

வியாழன்: பார்லி சூப், ஒரு கிண்ணம்.
ஆட்டிறைச்சி, ஒரு துண்டு,
கட்டைவிரல் நுனி அளவு.
பேனாவின் இரும்புக் கழுத்து குத்தியது.
கையுறையோடே எழுதினேன்.